கண்மாய் விராலும் பெர்லின் மருத்துவரும்

கோடையில் கண்மாய் வற்றியதும் மதுரை மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா களைகட்டும். கரையில் நிற்கும் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அடுத்த நொடி ஊத்தா, கச்சா, வலை சகிதம் கூட்டம் சேற்றில் பாயும். கெளுத்தி, ஜிலேபி என்று எது அகப்பட்டாலும் விரால் பிடித்தவருக்குத்தான் கெத்து. அந்த விரால் 1793இல் 'ஸ்ட்ரையேட்டஸ்' என்ற பெயரோடு அறிவியலுக்குள் நுழைந்தது. பெயர் வைத்தவர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை.

மார்க்கஸ் எலீசர் புளோக் பெர்லினில் வைத்தியம் பார்த்த யூதர். 1782 தொடங்கி 1795 வரை, வண்ணப் படங்களோடு பன்னிரண்டு தொகுதிகளாக மீன் நூல் வெளியிட்டார். கடல் கடந்த மீன்கள் அவரிடம் தாமாக நீந்தி வரவில்லை. 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரையின் மீன்களைச் சேகரித்து அவருக்கு அனுப்பினார். அந்த நன்றியில்தான் கத்தாளைப் பேரினம் ஒன்றுக்கு 'ஜானியஸ்' என்று பெயர் விழுந்தது. அவற்றைப் பிடித்துக் கொடுத்த மீனவர்கள் பெயர் எந்த மீனுக்கும் வாய்க்கவில்லை.

புளோக் மேசைக்கு வடகடலின் விசித்திரம் ஒன்றும் வந்தது: ஹேக்ஃபிஷ். தாடை கிடையாது, செதில் கிடையாது, வெளியே தெரியும் கண் கிடையாது. தொட்டால் குழகுழவென்று சளியைக் கக்கும். செத்த மீனின் உடலுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்னும். லின்னேயஸ் 1758இல் இதைப் புழுக் கூட்டத்தில் தள்ளிவிட்டார். புளோக் அதை மீட்டு மீன்களோடு சேர்த்தார். அவர் வைத்த பெயர் இன்று புழக்கத்தில் இல்லை. இனம் பிரித்த முடிவு மட்டும் நின்றுவிட்டது. இன்றும் ஆழ்கடலில் புது ஹேக்ஃபிஷ் சிக்கினால், செவுள் துளைகள், சளித் துளைகள், பற்கள் எத்தனை என்று எண்ணித்தான் அதன் இனத்தைப் பிரிக்கிறார்கள்.

இத்தனை கவனமான மனிதர் ஊர் விஷயத்தில் மட்டும் வழுக்கினார். மிஷனரிகள் தமிழர்களை 'மலபாரிகள்' என்றே எழுதிவந்ததால், தரங்கம்பாடி மீன்கள் சிலவற்றின் பிறப்பிடத்தை 'மலபார்' என்று குறித்துவைத்தார். விராலும் அந்தக் குழப்பத்தில் மாட்டிய மீன்தான்.

பிறகு சென்னையில் பணியாற்றியபடியே இந்திய மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் டே வந்தார். 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் வங்காள விரிகுடாவின் ஆழத்தைத் துழாவிய அல்காக், 1899இல் இந்திய ஆழ்கடல் மீன்களுக்கென்றே ஒரு விவரப் பட்டியல் வெளியிட்டார். பெயர் சூட்டும் வேலை மெல்ல மெல்ல இந்தியக் கரைக்கு நகர்ந்தது.

2023இல் கடலூர் மாவட்டம் முடசல்ஓடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த பழுப்பு விலாங்கு ஒன்று புதிய இனம் என்று விவரிக்கப்பட்டது. தேசிய மீன் மரபணு வளப் பணியகத்தினர் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் அதன் முதுகெலும்புக் கணுக்களை எண்ணி, மரபணுவையும் ஒப்பிட்டு, 'ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். புளோக் சேர்த்த மீன்களில் பல இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடி மீன்களில் ஐயம் எழுந்தால் அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும். முடசல்ஓடை விலாங்குக்கு அந்தக் கப்பல் பயணம் தேவைப்படவில்லை.