பொன் ரேக்கும் 'தூய' கலையும்

சில மாதங்களுக்கு முன்னர் மோர்னிங்சைட்டில் ஓர் ஒன்றுகூடல். மேடைக்குப் பின்னால் ஆளுயரத் தஞ்சாவூர்ப் படம், வெண்ணெய்க் கிருஷ்ணன். பேசவந்த நண்பர் அதைச் சுட்டி, அந்நியக் கலப்பில்லாத தமிழ்க் கலைக்கு வேறு சான்று வேண்டுமா என்று கேட்டார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். திரும்பிவரும் பஸ்ஸில்தான் அக்கூற்று உறுத்தத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவன் தட்டியிருக்கக் கூடாது.

இப்படங்கள் இன்று நாம் அறியும் வடிவத்தைப் பெற்றது தஞ்சை மராத்தியர் காலத்தில். சிறப்பாக இரண்டாம் சரபோஜியின் ஆட்சியில் (1798–1832). அம்மன்னரின் தாய்மொழி மராத்தி, அவருக்கு ஆசானாக இருந்தவர் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ். வரைந்தவர்களோ தெலுங்கு பேசும் ராஜுக்களும் நாயுடுக்களும். 1565 இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் ஆதரவு தேடித் தெற்கே நகர்ந்த ஓவியர் வழியினர் இவர்கள் என்பது மரபு. அதாவது நம்மைப் போல இடம்பெயர்ந்தவர்கள். 1855 இல் மன்னர் வாரிசின்றி இறந்து அரசு கும்பனியிடம் போனபோது இவர்கள் மீண்டும் ஆதரவிழந்தார்கள். பிறகு செட்டியார்களும் பிற வணிகர்களும் வாங்கியதால்தான் தொழில் பிழைத்தது. இதில் 'தூய' என்பது எங்கே?

வேலைமுறையைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். நான் வேலை செய்வது படச்சட்டத் தொழிற்சாலையில். அங்கே சட்டமரத்துக்குப் பொன்னிறம் ஏற்றுவது ஓர் உருளை. நிறமேற்றிய அலுமினியப் படலம் சூட்டில் அழுந்தி ஒட்டிக்கொள்ளும், பொன் ஒரு துளியும் இல்லை. ஆனால் பழைய சட்டங்களைத் திருத்த மூலையில் ஒரு மேசை உண்டு. அதில் இருக்கும் இத்தாலியக் கிழவர் மரத்தில் சுண்ணப்பொடியையும் முயல்தோல் பசையையும் பல தடவை பூசித் தேய்ப்பார். அதன்மேல் செம்மண் குழம்பு. பிறகு ஈரம் காட்டித் தங்க ரேக்கை வைப்பார். மூச்சு விட்டால் ரேக்கு பறந்துவிடும். கடைசியில் அகேற் கல்லால் மினுக்குவார். முற்காலத்தில் நாய்ப்பல்லும் பயன்பட்டது. 1400 அளவில் செனினோ செனினி எழுதிய கைந்நூலில் இதே முறை இருக்கிறது. தட்டைப் பரப்புக்கு ஒரு டியூக்கற் நாணயத்தில் 100 ரேக்குக்கு மேல் அடிக்கலாகாது, அடிப்பவர்களோ 145 எடுத்துவிடுகிறார்கள் என்று அவர் குறைபடுகிறார். தொழிலில் ஏய்ப்பு அன்றும் இருந்திருக்கிறது.

தஞ்சாவூரில் முயல்தோலுக்குப் பதில் புளியங்கொட்டைப் பசை. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, அதே கலவையைக் கெட்டியாகக் குழைத்து நகை, தூண், மண்டபம் எல்லாவற்றையும் புடைப்பாக எழுப்புவார்கள். அதன்மேல் ரேக்கு, கண்ணாடிக் கல். மைசூரில் இந்தப் புடைப்பு மெலிது. தஞ்சையில் விரலால் தடவி உணரலாம். மினுக்குவதைவிடப் புடைப்பையே அவர்கள் நம்பினார்கள். விளக்கொளியில் பொன் அசைவதுபோலத் தெரிவது அதனால்தான்.

நான் விரிவுரையாளனாக இருந்தபோது 'சரபோஜி காலக் கலை வளர்ச்சி' என்று ஒரே வரியில் குறிப்பு எழுதுவித்தேன். பசை காய்ச்சியவர் யார் என்று மாணவர் எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெரும்பாலான படங்களில் வரைந்தவர் பெயரே கிடையாது. கையால் செய்தவனை விட்டுவிட்டு மன்னன் பெயரைச் சூட்டும் வரலாறு, அடுத்த படியில் இனத்தின் பெயரைச் சூட்டுவது எளிது.

1981 இல் நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை, முழுக்கத் தனக்கேயான ஒன்றைப் பற்றிக்கொள்ள விரும்புவது எனக்குப் புரியாததல்ல. ஆனால் 'கலப்பில்லாத' என்ற சொல் எங்களிடையே ஓவியத்தோடு நின்றதில்லை.

எங்கள் வீட்டுச் சரஸ்வதி படத்தின் கண்ணாடி 1990 நவராத்திரியின்போது உடைந்தது. ஐயா அதை எப்போதும்போல யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் ஒருவரின் சட்டக்கடையில் கொடுத்தார். சாமிப்படம் என்பதால் அந்த மனிதர் அதை நிலத்தில் வைக்கமாட்டார். ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணிநேர அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். அப்போது நான் மாணவன். ஏனையோரைப் போல நானும் வாய்திறக்கவில்லை. மறுநாள் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கடை பூட்டியிருந்தது, படம் உள்ளே, மேசைமேல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.