கரம்பை யாருக்கு?

அருப்புக்கோட்டை என்றாலே கரிசல் என்பார்கள். கரிசலுக்கு ஊடே மணல் கலந்த செவக்காடும் உண்டு. திருச்சுழிப் பக்கம் குண்டாற்றை ஒட்டி மணற்பாங்கான நிலமும் உண்டு. இந்த மண் உழுவதற்கு லேசு. ஆனால் ஈரம் நிக்காது. பாய்ச்சுன தண்ணி கீழே இறங்கும்போது சத்தையும் கூடவே கொண்டுபோயிரும். கமலை இறைத்து மிளகாயும் பருத்தியும் போட்ட காலத்தில் இதற்கு இரண்டு வைத்தியம் இருந்தது. கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாகக் கொட்டுவது ஒன்று; அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுவது இன்னொன்று. களிப்பான கரம்பை மணலோடு சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். பகலில் தாளையும் புல்லையும் மேய்ந்த ஆடு, ராத்திரி புழுக்கையும் மூத்திரமுமாக நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கும்.

இதைப் 'பாரம்பரிய அறிவு' என்று இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள். அந்த அறிவு யார் கையில் இருந்தது? கரம்பை வெட்டியது, மடை திறந்தது, வயலுக்கு வயல் தண்ணி கட்டியது பெரும்பாலும் நம்ம சனங்க. நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளந்தார்கள், நிலம் அளக்கவில்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டம் கண்மாய் மராமத்துக்கு ஊராரின் உழைப்பைக் கட்டாயமாக்கியது. ஊரார் என்று சட்டம் சொன்னாலும் மண்வெட்டி யார் கைக்கு வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு அரசுத் தரிசை ஒதுக்க ஆணை வந்தது. திருச்சுழியோ இராமநாதபுரம் ஜமீனில் இருந்தது. தரிசும் ஜமீனுடையது என்றால் அரசு எதை எடுத்துக் கொடுக்கும்? 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் குடிவார உரிமை இருந்த ரயத்துக்குப் பட்டா கொடுத்தது. கண்மாயையும் மேய்ச்சல் தரையையும் அரசிடம் சேர்த்தது. கூலிக்கு உழுதவன் பெயர் எந்தப் பட்டாவிலும் ஏறவில்லை.

2017இல் கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளத் தமிழக அரசு வழி செய்தது. நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர். நல்ல காரியம்தான். ஆனா கணக்கு ஏக்கர்ல இருக்கு. ஏக்கரே இல்லாதவனுக்கு எத்தனை வண்டி? நாலு வெள்ளாட்டை வச்சுப் பிழைக்கிற நம்ம பொம்பளைகளுக்கு மிஞ்சியது மேய்ச்சல் புறம்போக்கு. அதிலும் சீமைக்கருவேலம் அடைஞ்சு கிடக்கு.

ஆகவே மண்ணைத் திருத்தும் எந்தத் திட்டமும் பட்டாவோடு நின்றுவிடக் கூடாது. முள்ளை வெட்டி, ஆக்கிரமிப்பை அகற்றி, மேய்ச்சல் புறம்போக்கை நிலமில்லாதவர்களின் கூட்டுப் பொறுப்பில் விட வேண்டும். கண்மாய் பற்றி முடிவெடுக்கும் இடத்தில், மடை திறந்தவனுக்கும் ஒரு ஓட்டு வேண்டும்.