வாஷிங்டன் போகிற தம்பிக்குச் சொன்ன கதை

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். நம் பக்கத்துச் சேரிப் பையன். தான் தன்பாலீர்ப்பாளன் என்பதை இதுவரை நாலைந்து பேரிடம்தான் சொல்லியிருக்கிறான். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அங்கே அரசு விடுமுறை, போரில் செத்த படைவீரர்களின் நினைவு நாள். அந்த மூன்று நாள் விடுப்பில் வாஷிங்டன் போகிறானாம். பெருநகரம் ஒன்றுக்குத் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. "எங்கண்ணே தங்குறது, எங்கண்ணே போறது? நெட்ல லிஸ்ட் நெறைய இருக்கு. அதெல்லாம் நமக்குப் போட்ட லிஸ்ட்டான்னுதான் தெரியல" என்றான்.

வாஷிங்டனைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிற என்னிடம் கேட்கிறானே என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. எந்தக் கதவு நமக்குத் திறக்கும் என்பதை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னமே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய மக்கள் உலகத்தில் சிலர் இருக்கிறார்கள். மற்றவர்கள் போய் இறங்கியபிறகு விசாரித்துக்கொண்டால் போதும்.

நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவில் வந்து இறங்கிய அண்ணல் அம்பேத்கருக்கும் இதே கேள்விதான். இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் பார்சி விடுதிக்குப் போகிறார். மேல்சட்டையைக் கழற்றியதும் உள்ளே பார்சிகள் அணியும் புனித ஆடை இல்லை என்பதை விடுதிக்காரர் கண்டுகொள்கிறார். பார்சிப் பெயர் ஒன்றை ஏட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி, தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த மாடியில் அரிக்கேன் விளக்கோடு தனியாகக் கிடந்தார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு மாடியேறி வந்தார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டுப் பார்த்தார், இருவரும் கைவிரித்தார்கள். பம்பாய் ரயில் வரும்வரை பொதுப்பூங்காவில் உட்கார்ந்திருந்தார். விசாவுக்காகக் காத்திருப்பதாகத் தன் நினைவுக்குறிப்புக்கு அவர் தலைப்பு வைத்ததன் கசப்பை, சொந்த நாட்டில் அறை கேட்டு நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கே அவருக்கு ஒரு வழி இருந்தது, பெயரை மாற்றுவது. தன்பாலீர்ப்பாளருக்கும் அந்த வழி உண்டு, மறைப்பது. கறுப்பருக்கு அதுவும் கிடையாது. தோல் பொய் சொல்லாது. ஆகவே அவர்கள் புத்தகம் போட்டார்கள்.

ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் தொடங்கிய வழிகாட்டி அது. கிரீன் புக் என்றால் எல்லாருக்கும் தெரியும். சினிமாவும் வந்துவிட்டது, அதை வெள்ளைக்காரர் ஒருவரின் நல்ல மனசைப் பற்றிய படமாக எடுத்தார்கள் என்பது தனிக்கதை. கறுப்பருக்குப் பெட்ரோல் போடுகிற பங்க் எது, சோறு போடுகிற கடை எது, முடிவெட்டுகிற கடை எது, அறை தருகிற வீடு எது என்று ஊர்வாரியாகப் பட்டியல். ஓட்டலே இல்லாத ஊர்களில் கறுப்புக் குடும்பங்கள் தங்கள் வீட்டின் ஒரு அறையைப் பயணிகளுக்கு ஒதுக்கின. அந்த வீட்டு முகவரிகளும் அதில் இருந்தன. யூதர்கள் தங்கள் மக்களுக்கு இதுபோலப் பட்டியல் வெளியிட்டுவந்ததை முன்மாதிரியாகச் சொன்னவர் கிரீன். இந்தப் புத்தகம் தேவைப்படாமல் போகும் நாள் வரவேண்டும் என்று முன்னுரையில் எழுதியவரும் அவரே. 1960இல் இறந்துபோனார். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் புத்தகம் நின்றது.

ஏறக்குறைய அது நிற்கிற நேரத்தில்தான் இன்னொரு புத்தகம் பிறக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் மதுக்கூடம் நடத்திய பாப் டாம்ரன் என்பவர் ஊர் ஊராகச் சுற்றி, தன்பாலீர்ப்பாளர் கூடுகிற இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, 1960களின் நடுவில் சட்டைப்பைக்குள் அடங்குகிற கையேடாக அச்சிட்டார். அட்டையில் வெறும் முகவரிப் புத்தகம் என்று மட்டும். போலீஸ்காரர் பையைச் சோதித்தாலும் சந்தேகம் வராது. உள்ளே இடங்களுக்குப் பக்கத்தில் எழுத்துக் குறியீடுகள். ஆபத்தான இடம், உன் பொறுப்பில் போய்க்கொள் என்பதற்கு ஒரு குறியீடு. கறுப்பர் வருகிற இடம் என்பதற்கு ஒரு குறியீடு.

இந்தக் கடைசிக் குறியீட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கறுப்புத் தன்பாலீர்ப்பாளன் ஒருவன் அதைப் படித்தால் 'உள்ளே வா' என்று பொருள். வெள்ளைத் தன்பாலீர்ப்பாளன் படித்தால்? சிலருக்கு ஆசை, பலருக்கு எச்சரிக்கை. ஒரே எழுத்து, வாசிக்கிறவனின் தோலைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. அந்தக் குறியீடு இல்லாத இடங்கள் எல்லாருக்குமான இடங்களா என்றால் அதுவும் இல்லை, வெள்ளையருக்கான இடங்கள். அதற்குத் தனிக் குறியீடு தேவைப்படவில்லை. நம் ஊரில் 'ஊர்' என்றால் ஊர், 'சேரி' என்றால்தான் பெயர் சொல்ல வேண்டும், அதைப்போல.

ஆக, கறுப்பராகவும் தன்பாலீர்ப்பாளராகவும் இருந்த ஒருவர் வாஷிங்டனுக்கு முதல்முறை வந்தால் ஒரு புத்தகம் படுக்கை காட்டும், இன்னொரு புத்தகம் ஆட்டம் காட்டும். இரண்டும் சேர்ந்த மனிதனுக்குப் புத்தகம் இல்லை. வாய்வழிச் செய்திதான்.

அந்த வாய்வழிச் செய்தியின் நகரம் அது. கறுப்பர்களே பணம் போட்டு, கறுப்புக் கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் 1919இல் கட்டிய வைட்லா ஓட்டல் அங்கே இருந்தது. நல்ல விடுதி, கௌரவமான விடுதி. கௌரவமான இடத்தில் இதையெல்லாம் பேச முடியாது என்பது நமக்குத் தெரியாததா? 1953இல் ஐசனோவர் போட்ட ஆணையால் தன்பாலீர்ப்பாளர்கள் அரசு வேலையிலிருந்து கூட்டம் கூட்டமாக விரட்டப்பட்டார்கள். கறுப்பருக்கு ஓரளவு நிலையான சம்பளம் கிடைத்ததே அந்த நகரத்தின் அரசு வேலைகளில்தான். அதனால் சந்திப்பு எல்லாம் வீடுகளுக்குள் நடந்தது. திரைச்சீலை இழுத்துவிட்ட வரவேற்பறை, தெரிந்தவர் கூட்டிவந்தால் மட்டும் அனுமதி. வெளியே தெரிந்த இடமென்றால் கென்யன் தெருவின் நாப் ஹில். 1957 முதல் 2004 வரை நடந்த கறுப்புத் தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடம் அது. அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம்மூரில் ஒரு தலித் வாசகசாலை அத்தனை காலம் தாக்குப்பிடித்தால் விழா எடுப்போம்.

வாஷிங்டனுக்கு வருகிறவர்களுக்கு எழுதப்பட்ட பயணக்குறிப்புகளில் ஆகப் பெரியதை எழுதியவர் ஒரு கறுப்புத் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னபோது தம்பி நம்பவில்லை. 1963 ஆகஸ்ட் 28 பேரணியின் அமைப்பாளர் பேயர்டு ரஸ்டின். இரண்டரை லட்சம் பேர் ஒரே நாளில் வந்து அதே நாளில் திரும்ப வேண்டும். எந்தப் பேருந்து எங்கே நிற்கும், குடிநீர் எங்கே, கழிப்பறை எத்தனை, ஆகஸ்ட் வெயிலில் கெட்டுப்போகும் என்பதால் ரொட்டியில் மயோனைஸ் தடவாதே என்பதுவரை கையேட்டில் போட்டார்கள். நியூயார்க்கின் ஒரு தேவாலயத்தில் தொண்டர்கள் 80,000 உணவுப் பொட்டலம் கட்டினார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் கனவு நம் பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. கனவு காண வந்தவர்களுக்குச் சோறும் கழிப்பறையும் ஏற்பாடு செய்தவர் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. 1953இல் பாசடீனாவில் ஆண்களோடு இருந்ததற்காகக் கைதாகி 60 நாள் சிறைத்தண்டனை பெற்றவர் ரஸ்டின். பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு இனவெறி செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அந்தக் கைது விவரத்தை அவையில் வாசித்தார். எதிரி செய்வதைச் செய்தான், அதில் வியப்பில்லை. ஆனால் 1960இல் இதே விஷயத்தை வைத்து மிரட்டியது ஹார்லெமின் கறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல். கிங்குக்கும் ரஸ்டினுக்கும் உறவு என்று பொய்ச்செய்தி பரப்புவேன் என்றார். கிங் ரஸ்டினை விலக்கிவைத்தார். மூன்றாண்டு கழித்துத் திரும்பக் கூப்பிட்டவர் முதியவர் பிலிப் ராண்டால்ஃப். 1953 தண்டனைக்குக் கலிபோர்னியா மன்னிப்பு அளித்தது 2020இல், ரஸ்டின் செத்து 33 வருடம் கழித்து.

இதை எழுதும்போது நம் இயக்கக் கூட்டங்கள் நினைவுக்கு வராமல் இல்லை. சுவரொட்டி ஒட்ட, பந்தல் போட, வழக்குக்கு அலைய நமக்கு இந்தத் தம்பிகள் வேண்டும். மேடையில் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் 'இதெல்லாம் இப்ப முக்கியமா தோழர்' என்போம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

சரி, வெள்ளைத் தன்பாலீர்ப்பாளர் இயக்கம் எப்படி நடந்துகொண்டது? 1969 ஸ்டோன்வால் கலகத்துக்குப் பிறகு விடுதலைக் காற்று வீசியது. 1971இல் வாஷிங்டனில் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற பெரிய நடனக்கூடம் திறந்தார்கள். வாசலில் வெள்ளையர் சும்மா நுழைவார்கள், கறுப்பரிடமும் பெண்களிடமும் அடையாள அட்டை கேட்பார்கள். ஒன்று காட்டினால் இன்னொன்று, அதையும் காட்டினால் புகைப்படம் போட்ட வேறொன்று. கறுப்பர் வேண்டாம் என்று பலகை மாட்டச் சட்டம் விடாது, அதனால் அட்டை. இன்னாரென்று சொல்லாமல் இன்னாரை நிறுத்துகிற கலை உலகப் பொது. நம் பக்கம் வீடு வாடகைக்குக் கேட்டால் 'நீங்க சைவமா?' என்று கேட்கிறார்களே, அதே அட்டைதான். அந்த நடனக்கூடத்தின் முன்னால் தன்பாலீர்ப்பாளர்களே மறியல் செய்தார்கள். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்சில் இதே வாசல் அவமானங்களைப் பார்த்த ஜுவல் தாய்ஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்புப் பெண், 1973இல் தானே ஒரு நடனக்கூடம் வாங்கினார். கேட்ச் ஒன் என்று பெயர், 2015 வரை நடத்தினார்.

வாஷிங்டனிலும் அதுதான் நடந்தது. 1975இல் அப்ஷர் தெருவில் கிளப்ஹவுஸ் திறந்தது. கறுப்புத் தன்பாலீர்ப்பாளர்களே நடத்திய உறுப்பினர் மன்றம். ஒவ்வொரு ஆண்டும் இந்த மே மாத விடுமுறை வார இறுதியில் பெரிய கொண்டாட்டம் வைப்பார்கள். வெளியூர்களிலிருந்தும் வந்து இறங்குவார்கள். தம்பியைப்போல முதல்முறை பெருநகரம் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேரோ.

1979 அக்டோபரில் இன்னொன்று நடந்தது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தன்பாலீர்ப்பாளர்களின் முதல் தேசியப் பேரணி வாஷிங்டனில் கூடிய அதே நாட்களில், கறுப்பர், லத்தீனியர், ஆசியர், பூர்வகுடிகள் சேர்ந்து தனி மாநாடு கூட்டினார்கள். ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கறுப்பருக்குச் சொந்தமான ஹாரம்பி ஹவுஸ் ஓட்டலில் கூடினார்கள். கவிஞர் ஆட்ரி லார்ட் பேசினார். பிறகு பேரணிக்குக் கிளம்பும்போது நேராக மைய மைதானத்துக்குப் போகாமல் கறுப்பர் வாழும் பகுதிகளையும் சீனர் பகுதியையும் கடந்து நடந்தார்கள். தங்கள் சொந்தத் தெருவில், தங்கள் சொந்த மக்கள் சன்னலிலிருந்து பார்க்கும்படி நடந்தார்கள். தேசியப் பேரணியில் நடப்பதைவிட அதற்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டியிருந்திருக்கும். 2015இல் தில்லி வானவில் பேரணியில் தலித் என்பதையும் சேர்த்துப் பதாகையில் எழுதிப் பிடித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு எய்ட்ஸ் வந்தது. கிளப்ஹவுஸில் ஆடியவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அங்கேயே குழு தொடங்கினார்கள். 1990இல் மன்றம் மூடப்பட்டது. மே மாதக் கொண்டாட்டமும் அதோடு போயிற்று என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அடுத்த ஆண்டு அதே விடுமுறை வார இறுதியில், 1991 மே 25 அன்று, வெல்மோர் குக், தியடோர் கர்க்லாண்ட், எர்னஸ்ட் ஹாப்கின்ஸ் என்ற மூவர் முயற்சியில், ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரே பேனக்கர் மைதானத்தில் எய்ட்ஸ் பணிக்கு நிதி திரட்டக் கூடினார்கள். சுமார் 800 பேர் வந்தார்கள். முதல் கறுப்புப் பெருமைநாள் அது. அதைப் பார்த்துப் பிற நகரங்களும் தொடங்கின. வாஷிங்டனில் இன்றும் அதே மே விடுமுறையில்தான் நடக்கிறது.

தம்பி போகிற அதே மூன்று நாள். அவன் பார்த்த பட்டியல்களில் டியூபாண்ட் வட்டாரத்து மதுக்கூடங்கள் எல்லாம் இருந்தன, இது இல்லை.

"நாம போலாமாண்ணே அங்க? கறுப்பர்களோடதாச்சே" என்றான். நியாயமான கூச்சம். விருந்தாளியாகப் போ, பின்னால் நில், அவர்கள் பேசுவதைக் கேள் என்றேன். ஓட்டல் அறை இப்போதே போட்டுவிடு, அந்த வாரம் விலை ஏறும். நீ தங்குமிடத்தை இங்கிருக்கிற ஒருவருக்காவது எழுதி அனுப்பு, எனக்கே அனுப்பு. பேனக்கர் மைதானத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. அங்கே யாராவது இந்தியர் வந்து எந்த ஊர், எந்தப் பக்கம் என்று நோண்ட ஆரம்பித்தால் பதில் சொல்ல வேண்டிய கடமை உனக்கில்லை. சொல்லத் தோன்றினால் தலை நிமிர்ந்து சொல்.

கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்: "அம்பேத்கர் இதப்பத்தி ஏதாவது சொல்லிருக்காராண்ணே?" 1934இல் பம்பாயில் ர.தோ. கார்வே என்பவரின் சமாஜ் ஸ்வாஸ்த்ய பத்திரிகைமீது ஆபாச வழக்குப் போட்டார்கள். சுயஇன்பம், தன்பாலீர்ப்பு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் பதில் எழுதியதுதான் குற்றம். கார்வே பார்ப்பனர், சாதிக்காரர்களே கைவிட்டார்கள். அவருக்காக நீதிமன்றத்தில் நின்று வாதாடியவர் வழக்கறிஞர் பீமராவ் அம்பேத்கர். வழக்கு தோற்றது, 200 ரூபாய் அபராதம்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தோத்தாலும் நின்னாருல்ல" என்றான். அப்புறம் அறை வாடகை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.