கருவிழி விளிம்பில் ஓர் ஆய்வு வாழ்க்கை

ஜவ்வாது மலையில் அறிவியல் என்று பேச்செடுத்தால் யாருக்கும் முதலில் காவலூர்தான் நினைவுக்கு வரும். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே வந்தது முதல், மலையின் பெயர் வானியலோடு சேர்ந்தே வழங்குகிறது. இங்கே நான் எழுத எடுத்துக்கொண்டவர் வானத்தைப் பார்த்தவரல்லர். இதே மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் வேலிகளிலும் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானிலும், சோதனைச்சாலை எலியின் கண்ணிலும், பிறகு மதுரைக்கு வைத்தியத்துக்கு வந்தவர்களின் கண்ணிலும் வேலை பார்த்தவர்: பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் ஆசிரியர், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர், அதன்பின் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர். பதவிகளை மட்டும் பார்த்தால் கருவியல், நோயெதிர்ப்பியல், புற்றுநோய், கண் மருத்துவம் எனத் துறைக்குத் துறை தாவியவர் போலத் தோன்றும். கட்டுரைகளை ஆண்டு வரிசையில் படிப்பவருக்கு அப்படித் தோன்றாது. நடுவில் ஓணான் இழுத்துக்கொண்டு போன ஆண்டுகள் இருந்தாலும், மனிதர் திரும்பத் திரும்பக் கண்ணுக்கே வந்திருக்கிறார்.

தொடக்கமே கண்தான். எலிக் கருவில் லென்ஸ் உருவாகும் விதம் பற்றிய அவருடைய கட்டுரை 1965-இல் வந்தது. கருவின் மூளைப் பகுதியிலிருந்து ஒரு புடைப்பு கிளம்பி மேல்தோலைத் தொடுகிறது. தொட்ட இடத்துத் தோல் உள்மடிந்து லென்ஸ் ஆகிறது. தொடாமலிருந்தால் அதே தோல் வெறும் தோலாகவே நின்றுவிடுமா? ஒரு திசு பக்கத்துத் திசுவுக்கு என்ன சொல்லி அனுப்புகிறது? உடலுக்கு வெளியே, வளர்ப்புக் கரைசலில் வைத்து அவர் இதை ஆராய்ந்தார். ‘பக்கத்துத் திசு என்ன சொல்கிறது’ என்ற கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புற்றுநோயிலும் அதையேதான் கேட்டார்.

இனி ஓணான். 1970-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் ஓணான் கருவின் வளர்ச்சியை 42 படிநிலைகளாகப் பிரித்து வெளியிட்டார்கள். முட்டைகளைச் சேகரித்து, நாளுக்கு நாள் திறந்து பார்த்து, கண் எப்போது கறுக்கிறது, விரல் எப்போது பிரிகிறது, செதில் எப்போது தெரிகிறது என்று குறித்துக்கொண்டே போகும் வேலை. பரபரப்புக்கு இதில் இடமில்லை, பரிசும் வராது. ஆனால் அதன்பின் ஓணான் கருவைத் தொட்டவர்களுக்கு அந்த அட்டவணைதான் அளவுகோல். அதே பிராணியைக் கொண்டு நோயெதிர்ப்பையும் பார்த்தார். ஓணானின் மண்ணீரலில் தைமஸ் சுரப்பியை நம்பியிருக்கும் பகுதிகள் எவை என்று ஆர்.எம். பிச்சப்பனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1977-இல் வந்தது. (பிச்சப்பன் பிற்காலத்தில் இந்திய மக்களின் மரபணு வழித்தடங்களை ஆராய்ந்து பேர் பெற்றவர்.) விலைகொடுத்து வாங்கிய அயல்நாட்டுப் பிராணிகளை எதிர்பார்க்காமல் வேலியில் கிடைத்ததை வைத்து உலகத் தரத்தில் எழுதினார்கள். இதைச் சிக்கனம் என்று மட்டும் பாராட்டுவது போதாது. ஊர்வனவற்றின் நோயெதிர்ப்பு அன்று அதிகம் பேர் கைவைக்காத இடம். ஆகவே அது கெட்டிக்காரத்தனமும்கூட.

இனி புற்றுநோய். 1971-இல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், புற்றுக்கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளாமல் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்றார். பலர் நம்பவில்லை. நம்ப வைக்க, குழாய் வளர்வதைக் கண்ணால் காட்ட வேண்டும். உடம்பில் எங்கே பார்த்தாலும் ஏற்கெனவே ரத்தக்குழாய். எது பழையது, எது புதியது என்று பிரித்தறிவது கடினம். விதிவிலக்கான இடம் கருவிழியின் முன்புறம் உள்ள கார்னியா. கண்ணாடி போல் தெளிந்த அந்தப் படலத்தில் ரத்தக்குழாயே கிடையாது. அங்கே ஒரு சிவப்பு இழை தெரிந்தால் அது புதிதாக வந்ததுதான், சந்தேகத்துக்கு இடமில்லை. ஃபோக்மன் குழுவினர் முயலின் கார்னியாவில் இதைச் செய்து காட்டினார்கள். முயலின் கண் பெரியது, கை போகும். எலியின் கார்னியாவோ சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலம், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

அந்தப் படலத்துக்குள், நுண்ணோக்கியின் கீழ், ஒரு சிறு பை வெட்டி, கிழிந்துவிடாமல் கட்டித் துணுக்கை உள்ளே செருக வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆவர்பாக்கோடு சேர்ந்து முத்துக்கருப்பன் இதைச் செய்து, 1979-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். சில நாட்களில், கார்னியாவும் வெள்ளைவிழியும் சந்திக்கும் வட்ட விளிம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் கிளம்பி, துணுக்கு இருக்கும் திசையை நோக்கி நீளும். எலியைக் கொல்லாமலே நாள்தோறும் பார்க்கலாம். கைத்திறனைக் காட்டுவதற்காக எலியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே மரபுக்கூறு உடைய எலி இனங்கள் ஆய்வகங்களில் உண்டு. அப்படி ஒரே இனத்தைச் சேர்ந்த எலிகளில் ஒன்றின் திசுவை மற்றொன்று அந்நியம் என்று தள்ளாது. ஆகவே குழாய் வந்ததற்குக் காரணம் கட்டியா, உடலின் எதிர்ப்பா என்ற குழப்பம் குறைகிறது. ஓணானில் கற்ற நோயெதிர்ப்பியல் இங்கே கைகொடுத்தது என்றே நினைக்கிறேன். 1982-இல் இதன் விரிவான தொடர்ச்சியும் வந்தது. கட்டி பக்கத்துத் திசுவுக்கு என்ன சொல்லி அனுப்புகிறது? லென்ஸிடம் கேட்ட கேள்விதான்.

அந்தச் செய்தியைச் சுமக்கும் புரதங்களில் முக்கியமானது விஇஜிஎஃப். நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் 1989-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே கண் மருத்துவர்கள் அதைச் சிறு அளவில் விழிக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். இன்று சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு, ‘கண்ணுக்குள்ளே ஊசி போடணுமாம்’ என்று கலங்கி வரும் நம்மூர்ப் பெரியவர்களுக்குப் போடுவது இந்த வகை மருந்துதான். புற்றுநோயைப் புரிந்துகொள்ளக் கண்ணைக் கடன் வாங்கினார்கள். கடன் வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நாளடைவில் தனக்கென ஆராய்ச்சிப் பிரிவையும் வளர்த்தது. முத்துக்கருப்பன் அங்கே போய்ச் சேர்ந்தபின் கைவைத்த பொருள்களில் ஒன்று, அதே வட்ட விளிம்பு. ரத்தக்குழாய் கிளம்பும் அந்த வளையத்தில்தான் கார்னியாவின் மேற்படலத்தைப் புதுப்பிக்கும் மூலச்செல்களும் குடியிருக்கின்றன. சுண்ணாம்போ அமிலமோ தெறித்து அவை அழிந்தால் கார்னியா மங்கிப்போகும். ஆயிரக்கணக்கான செல்களில் மூலச்செல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பி63 என்ற புரதம் மிகுந்திருக்க வேண்டும். கூடவே, செல்லின் அளவோடு ஒப்பிட உட்கரு பெரிதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிறு கூட்டம் ஒன்று தனியே பிரிகிறது என்று 2005-இல் அரவிந்த் கார்னியா மருத்துவர்களோடு சேர்ந்து காட்டினார். உருவத்தைப் பார்த்து அளக்கும் பழைய கருவியலாளரின் கண் அதில் தெரிகிறது.

அரவிந்தில் நடந்த மரபணு வேலை அவருடைய தனிப் பெயரில் நிற்பதல்ல; குழுவின் பெயரில் நிற்பது. விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமா சிறு பிள்ளைகளுக்கு வருவது. புகைப்படத்தில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் சிவப்பாக இல்லாமல் பூனைக்கண் போல் வெள்ளையாக மின்னும். ஃபோக்மன் எழுதிய அதே 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன் 48 குழந்தைகளின் பதிவேடுகளைக் கணக்குப் போட்டு, இந்த நோய்க்கு இரண்டு மரபணுப் பிழைகள் தேவை என்றார். முதல் பிழையோடு பிறக்கும் பிள்ளைக்கு இரண்டாவது மட்டும் போதும். அதனால்தான் அவர்களுக்கு இளவயதிலேயே, பல சமயம் இரு கண்ணிலும் கட்டி வருகிறது. பிழை நேரும் ஆர்பி1 என்ற அந்த மரபணு 1986-இல் பிடிபட்டது. அதன் 27 பகுதிகளையும் புதிய வரிசையறி முறையில் ஒரே வீச்சில் படிக்கும் சோதனையை அரவிந்த் குழு 2015-இல் வெளியிட்டது. ஏ. வன்னியராஜன் முன்னின்ற அந்தக் கட்டுரையில் முத்துக்கருப்பனின் பெயரும் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குக் கண்ணில் கோளாறு என்றதும், மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்று வீட்டில் பேச்சு எழும். பழி பெரும்பாலும் தாய் தலையில் விழும். பிறவிப் பார்வையிழப்பு நோய்கள் சிலவற்றில் உறவுத் திருமணத்துக்குப் பங்கு உண்டு. ரெட்டினோபிளாஸ்டோமா அந்த வகையல்ல. பிழை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பல சமயம் யாரிடமிருந்தும் வராமல் பிள்ளையிடமே புதிதாகவும் தோன்றும்.

நோய்ப்பட்ட பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்து, பிழை மரபணுவின் எந்த எழுத்தில் என்று தெரிந்துவிட்டால், அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் சோதித்தால் போதும். பிழை இருந்தால் கட்டி பெரிதாகும் முன்பே பார்த்துப் பிடிக்கலாம். இல்லையென்றால், அந்தக் கைக்குழந்தையைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஜமுனாமரத்தூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் மலையிறங்கி, வேலூரோ சென்னையோ மதுரையோ போய்த் திரும்பும் குடும்பத்துக்கு, அத்தனை பயணமும், அத்தனை நாள் கூலியும், அத்தனை மயக்க ஊசியும் மிச்சம்.