கடப்பைக்கு வந்த விதை

ஆஸ்டினுக்கு வடக்கே, எங்கள் வீட்டுப் பின்வேலி ஓரம் ஒரு முள்மரம். வீடு வாங்கிய புதிதில் தரையோடு அறுத்தேன். அடுத்த கோடையில் ஏழு கிளையாகத் துளிர்த்து நின்றது. முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்திருந்த அப்பா நெற்றை ஒடித்து மோந்து பார்த்தார். "கருவேலைத் தரையோட வெட்டுனாச் சாகுமாப்பா? தூரோட தோண்டணும்ல" என்றார். இங்கே இதன் பெயர் மெஸ்கிட் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்பவில்லை.

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. மெஸ்கிட்டும் நம் சீமைக் கருவேலமும் பங்காளிகள். காமராஜர் ஆட்சியில் ஆஸ்திரேலியாவிலிருந்து விதை வந்தது என்று ஊரில் சொல்வார்கள். நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் ஆவணங்கள் இன்னும் எண்பது வருடம் பின்னால் போகின்றன. 1876இல் சென்னை மாகாண வனத்துறையின் பெடோம், வறண்ட மாவட்டங்களுக்கு ஏற்ற மரம் வேண்டி விதை கேட்டு எழுதினார். தென்னிந்தியப் பெரணிகளையும் பாம்புகளையும் பற்றி எழுதிய அதே பெடோம்தான். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள்.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். தாது வருடப் பஞ்சம். ரயில் எஞ்சின்கள் வேறு காட்டை விறகாகத் தின்றுகொண்டிருந்தன. மழையே இல்லாமல் விறகு தரும் மரம் அன்று வரமாகத்தான் தெரிந்திருக்கும். பெடோமை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை.

வரம் கண்மாய்க்குள் இறங்கியது பிறகு. ஆடும் மாடும் நெற்றைத் தின்னும். விதை சேதமில்லாமல் சாணத்தோடு விழும். டெக்சாஸிலும் இதே கதைதான், ஆனால் இங்கே இது மண்ணின் மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு மந்தைகள் பெருகின, புல்வெளித் தீ அடங்கியது, மரம் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்தது. பண்ணைக்காரர்கள் சங்கிலி கட்டி இழுத்தார்கள், புல்டோசர் விட்டார்கள். மண்ணுக்குக் கீழே தூரில் உறங்கும் மொட்டுகள் மிஞ்சினால் எல்லாம் வீண். வேரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது 50 மீட்டருக்கும் கீழே மெஸ்கிட் வேர் கிடைத்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் விரிவாக்கத் துறை சொல்லும் வழி எளிது: அறுத்த கையோடு, வெட்டுவாய் காயும் முன், டீசலில் கலந்த களைக்கொல்லியை அடித்தண்டைச் சுற்றி நனைய விடு.

இந்த மரத்தைக் கொல்வதில் எனக்கொரு சங்கடம் உண்டு. தாத்தா கரிமூட்டம் போட்டவர். விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, ஒரு சிறு வாய் மட்டும் விட்டுத் தீ வைப்பார். சில நாட்கள் உள்ளேயே கனல வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அதனால் இரவெல்லாம் காவல். மழை பொய்த்த வருடங்களில் எங்கள் காடு கொடுத்த ஒரே வெள்ளாமை அதுதான். என் கல்லூரியின் முதல் வருடக் கட்டணம் அந்தக் கரி.

2017இல், வைகோ தொடுத்த வழக்கில், சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இடையில் ஒரு தடையும் வந்து போனது. எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் ஜேசிபிக்கு நிதி திரட்டினார்கள். டாலஸிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர்கள்தான் முந்திக்கொண்டு கொடுத்தோம். அன்றிரவே அத்தை கூப்பிட்டார். "கண்மாய வெட்டட்டும்யா, வேணாங்கல. காட்டையும் சேத்து அள்ளிட்டா எங்களுக்கு மூட்டத்துக்கு வெறகு ஏது?"

குழுவில் எழுதிக் கேட்டேன்: கண்மாய் மட்டும் போதாதா? இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியில் கண்மாயோடு நிறுத்தினார்கள், காசும் தீர்ந்திருந்தது. அடுத்த மழையில் கண்மாய் முழுக்க விரல் உயரக் கன்றுகள். அந்த வயதில் கையாலேயே பிடுங்கிவிடலாம். வருடாவருடம் பிடுங்க ஆள் கூலி வேண்டுமே என்றேன். அதற்கு யாரும் நிதி திரட்டவில்லை. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கையே வெளியிட்டது. அதைப் பற்றி அத்தைக்கு யாரும் சொல்லவில்லை.

என் மரத்தை இந்த வசந்தத்தில் மறுபடி அறுத்தேன். டீசல் கலவையை அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். தண்டைக் குப்பைக்குப் போட விடவில்லை. கராஜில் அடுக்கிவைத்திருக்கிறோம், கிரில்லுக்கு.