குடகுத் துப்பாக்கியும் வேட்டை உரிமமும்

மடிக்கேரிக்குச் சுற்றுலா போய்விட்டு பெங்களூர் திரும்பும் நம்மவர்கள் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸே வேண்டாமாமே? அப்போ இஷ்டத்துக்கு வேட்டையாடலாமா சார்?" முதல் பாதி சரி. பின்பாதி சரியில்லை.

குடகு 1834இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு மக்களின் ஆயுதங்களைப் பறிக்கச் சட்டம் போட்ட அதே சர்க்கார், 1861இல் கொடவர்களுக்கு விலக்கு அளித்தது. உத்தரவிட்டவர் கமிஷனர் மார்க் கப்பன். நம் கப்பன் பார்க் பெயருக்கு உரியவரேதான். விசுவாசத்துக்குக் கிடைத்த வெகுமதி அது. 'ஜம்மா' என்னும் பரம்பரை நிலம் வைத்திருப்போருக்கும் இந்தச் சலுகை உண்டு. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழும் அது தொடர்ந்தது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது.

கொடவர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் ஆமணக்குக் குச்சியில் செய்த சின்ன வில்லை அதன் கையில் வைத்து, வெளியே ஒரு வேட்டுச் சுடுவது பழைய வழக்கம். புலியைக் கொன்றவனுக்கு 'நரி மங்கல' என்று கல்யாணம் போலவே கொண்டாட்டம். (அவர்கள் மொழியில் நரி என்றால் புலி! நாம் அங்கே ஜாக்கிரதையாகப் பேச வேண்டும்.) செப்டம்பரில் வரும் கைல்போத் பண்டிகையன்று ஆயுதங்களுக்குப் பூஜை. துப்பாக்கிக்குச் சூட்டும் 'தோக் பூ' வேறொன்றுமில்லை, நம்ம செங்காந்தள்தான். அந்தக் காலத்தில் பூஜை முடிந்த கையோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அதை நிறுத்தியது வேறொரு சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் வேட்டை உரிமம் இருந்தது. உரிமம் இருந்தாலும் குட்டியையும் குட்டியோடு திரியும் தாயையும் சுடக்கூடாது. 1991 திருத்தத்தில் அந்த உரிமமே ஒழிந்தது. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான விலங்கை அதிகாரியின் உத்தரவின் பேரில் சுடலாம். நிக்கோபார் பழங்குடியினருக்குத் தனி விலக்கு உண்டு. குடகுக்கு அப்படி எதுவும் கிடையாது. துப்பாக்கி உரிமம் பெறும் வயதும் 1983இல் 16லிருந்து 21 ஆயிற்று. குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு மட்டும் இளையவர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே எஸ்டேட் நண்பர் வீட்டுக்கு லீவில் போகும் நம் பையன்கள், "அவங்க வீட்டுத் துப்பாக்கிதானே" என்று காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூடப் போனால், அது ஜெயில் வரை இழுக்கும் குற்றம். இப்போது கைல்போத்தில் இளவட்டங்கள் குறிவைப்பது உயரமான மரத்தில் கட்டிய தேங்காயை. பண்டிகைப் பந்திக்கறிக்குப் பன்றி பண்ணையிலிருந்து வருகிறது.