தலைகீழாய் ஓடிய வண்டி

காசு கொடுத்துப் பயத்தை வாங்க மக்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? அதுவும் குழந்தை குட்டிகளோடு! பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஓடும் ரோலர் கோஸ்டரின் வரலாற்றைப் பார்த்தால் விடை ஓரளவு புலப்படும்.

1884-ல் நியூயார்க் நகரின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் மேடு பள்ளமாக ஒரு ரயில் பாதை அமைத்தார். கட்டணம் 5 சென்ட். எஞ்சின் கிடையாது, உயரத்திலிருந்து விட்டால் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறி வண்டி தானே ஓடும். வேகம் மணிக்குச் சுமார் 6 மைல்தான். சைக்கிள்காரர் முந்திவிடுவார்! ஆயினும் கூட்டம் அலைமோதியது.

வேகமும் வியப்பும் கூடினால் வசூலும் கூடும் என்று மற்றவர்கள் எண்ணினார்கள். 1895-ல் அதே தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற வண்டி, 25 அடி விட்டமுள்ள வட்டப் பாதையில் மனிதர்களைத் தலைகீழாகச் சுழற்றியது. வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. ஏறியவர்களோ கழுத்து வலியுடன் இறங்கினார்கள். காரணம் என்ன?

நீர் நிரம்பிய செம்பைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை அல்லவா? (வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது முன் வரிசை மாணவர்கள் பின்னால் சாய்வது வழக்கம்.) வண்டிக்கும் அதே விதிதான். உச்சியில் அது பாதையை விட்டு விலகாதிருக்க, வேகத்தின் வர்க்கம் குறைந்தது புவியீர்ப்பு முடுக்கத்தை ஆரத்தால் பெருக்கிய அளவு இருக்கவேண்டும். அப்படியானால் அடிப்பகுதியில் வேகத்தின் வர்க்கம் அதைப்போல் 5 மடங்காகும். அங்கே வண்டியை வளைக்க, எடையைப்போல் 5 மடங்கு மையநோக்கு விசை தேவை. சொந்த எடையும் சேர, 60 கிலோ மனிதர் தம்மை 360 கிலோவாக உணர்வார். உராய்வையும் கணக்கிட்டால் இன்னும் கூடும். வட்டத்தைப் பெரிதாக்கியும் தப்ப முடியாது. ஆரம் எதுவானாலும் இந்த 6 மடங்கு மாறாது! நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த கணத்திலேயே முழுச் சுமையும் விழும். கழுத்து என்ன செய்யும்?

1901-ல் எட்வின் பிரெஸ்காட் நீள்வட்டமாக ஒரு வளையம் அமைத்தார். வலி குறைந்தது. ஆனால் ஒரு தடவைக்கு நாலு பேர்தான் போகலாம்; வருமானம் கட்டவில்லை. தலைகீழ் வளையம் நெடுங்காலம் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

1959-ல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன் வண்டிக்கு எஃகுக் குழாயால் தண்டவாளம் போட்டார்கள். குழாயை விரும்பியபடி வளைக்கலாம் என்பதால் பழைய வளையத்துக்கு வழி பிறந்தது. 1976-ல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவுக்காக ஜெர்மானியர்களான ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப், வெர்னர் ஸ்டெங்கல் இருவரும் மழைத்துளி வடிவில் ஒரு வளையம் அமைத்தார்கள். வேகம் மிகுந்த அடியில் ஆரம் பெரியது. வேகம் குறைந்த உச்சியில் சிறியது. ஆரம் படிப்படியாக மாறுவதால் சுமையும் படிப்படியாகவே ஏறும். ரயில் பாதை, நெடுஞ்சாலை வளைவுகளில் பொறியாளர்கள் முன்பே கையாண்ட 'க்ளோதாய்ட்' என்னும் வளைகோடுதான் இது. அச்சம் அப்படியே இருந்தது. வலி மட்டும் போயிற்று. இறங்கிய பிள்ளைகள் மறுபடியும் ஏறவேண்டும் என்று அப்பாவின் கையை இழுப்பது இத்தகைய வண்டியில்தான்.

வளையமே வேண்டாம் என்போரும் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1843-ல் திறந்த டிவோலி பூங்காவில், 1914-ல் கட்டிய மரப்பாதை வண்டி இன்றும் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும் பணியாளர் ஒருவர் பயணிகளோடு அதிலேயே உட்கார்ந்து வருகிறார்.